அப்பாவின் பணம் அப்பாவுக்கு

சொத்து விஷயத்தில் நம் வீடுகளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு தேதிதான்: பெரியவர் கண்ணை மூடுகிற தேதி. நாமினி போட்டாச்சா, உயில் எழுதியாச்சா, வாரிசுச் சான்றிதழுக்கு யாரைப் பார்க்கணும் என்று எல்லாக் கேள்விகளும் அந்தத் தேதிக்கு அப்பால் நிற்பவை. பெரியவர் உயிரோடு, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தபடி பத்து வருடம் ஈசிசேரில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பத்து வருடத்தில் நாமினிக்கு ஒரு ரூபாய் எடுக்கக்கூட உரிமை கிடையாது. உயிலும் எழுதியவர் இருக்கும்வரை பீரோவில் கிடக்கும் காகிதம்தான்.

இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல். என் அப்பா அவர்களில் ஒருவர். கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போய்ச் சங்கக் கணக்குகளில் பிழை பிடித்த மனிதரை விட்டு முதலில் போனதும் கணக்குதான். ஒரே மின்கட்டணத்தை இரண்டு தடவை கட்டியிருந்தார். வீட்டு வரி இரண்டு வருடமாகக் கட்டப்படவே இல்லை. அப்புறம் அவர் கொடுத்த காசோலை ஒன்று, கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. அந்தக் கையெழுத்தை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். ரேங்க் கார்டில் நான் போட்டுப் பார்த்து மாட்டிக்கொண்ட கையெழுத்து அது. தமிழில் பெயர், கடைசி எழுத்திலிருந்து கிளம்பிப் பெயருக்கு அடியில் ஓடும் கோடு, கோட்டின் முடிவில் ஒரு சுழி. இப்போது கோடு பாதியில் நின்றுவிடுகிறது. சில நாள் சுழி மட்டும் தனியாக, தாளின் வேறொரு மூலையில் விழுகிறது.

நோய் கண்டறியப்படுவதற்கு ஆறு வருடம் முன்பிருந்தே பலரிடம் கட்டணங்கள் தவறத் தொடங்குகின்றன என்று அமெரிக்காவில் 2020இல் ஒரு ஆய்வு வந்தது. மருத்துவருக்கு முன்னால் வங்கிக்காரருக்குத் தெரிந்துவிடும் நோய் இது.

செய்தி தெரிந்ததும் சித்தப்பா சொன்னார்: "மொதல்ல ஒரு பவர் வாங்கி வெச்சுக்கம்மா. அது இருந்தா எல்லாம் நடக்கும்." பத்தில் ஒன்பது பேர் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவு, பவர் கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை தெளிவை இழந்தாலோ பவர் முடிந்துபோகும் என்கிறது. எந்த நாளுக்காகப் பவர் வாங்குகிறோமோ, அந்த நாள் வந்ததும் அது செல்லாக்காசு. இங்கிலாந்தில் 2005இலும் சிங்கப்பூரில் 2008இலும் இதற்கென்றே சட்டம் இயற்றினார்கள். நினைவு போன பிறகும் செல்லுபடியாகிற அதிகாரப் பத்திரத்தை அங்கே முன்கூட்டியே எழுதி வைக்கலாம். சிங்கப்பூரில் இருக்கும் என் தோழி தன் அம்மாவுக்கு அப்படித்தான் செய்தாள். இங்கே அந்தக் கதவு இல்லை. இதில் வேடிக்கை, பவர் வைத்திருப்பவர் தமிழ்நாட்டில் சொத்தை விற்கப் போனால், கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவர் தந்த சான்று கேட்பார்கள். உயிர் இருக்கிறதா என்பதற்குச் சான்று உண்டு, நினைவு இருக்கிறதா என்பதற்கு இல்லை. அதனால் நடைமுறையில் பல பவர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. என்றைக்காவது ஒரு பங்காளி வழக்குப் போடும் வரைக்கும்.

நீதிமன்றத்தில் காப்பாளராக நியமித்துக்கொள்ளலாமே என்றால், அந்த வழியும் எளிதாக இல்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்றவற்றுக்கானது, டிமென்ஷியா அதில் வராது. பழைய மனநலச் சட்டத்தில் சொத்தை நிர்வகிக்க ஆளை நியமிக்கும் ஏற்பாடு இருந்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தபோது அந்தப் பகுதியே இல்லாமல் போனது. புதிய சட்டத்தில் சிகிச்சை எப்படி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம், நமக்காகப் பேச ஒருவரை நியமிக்கலாம். ஆனால் அவர் மருத்துவமனையில் பேசலாமே தவிர வங்கியில் பேச முடியாது. மிச்சம் இருப்பது உயர் நீதிமன்றம். கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்றுச் செலவு செய்ய, 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் மனைவியையே காப்பாளராக நியமித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் டயபர் வாங்கும் பணத்துக்காக உயர் நீதிமன்றப் படியேற எத்தனை குடும்பத்தால் முடியும்?

ஆக, பெரியவருக்குப் புரியும்போதே செய்ய வேண்டும். இங்கேதான் என் மனம் நெருடியது. மறக்கத் தொடங்கிய மனிதரிடம் கையெழுத்துக் கேட்பதற்கும் அவர் பையில் கை விடுவதற்கும் இடையில் எவ்வளவு தூரம்? ஒப்பந்தச் சட்டம், தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒருவர் போடும் கையெழுத்து செல்லும் என்கிறது. அப்பா காலையில் தெளிவு, சாயங்காலம் ஆனால் யாரென்று கேட்பார். ஆனால் இன்று காலை தெளிவாக இருக்கிறார் என்று தீர்மானிப்பது யார்? கையெழுத்து வேண்டியவர்கள்தானே. அதனால் கையெழுத்துப் போடும் அன்றே, அதே தேதியில், மருத்துவரிடம் சான்று வாங்க வேண்டும் என்று நானும் தம்பியும் பேசி முடிவு செய்தோம். உயிலுக்கு நீதிமன்றங்கள் இன்றும் பார்ப்பது 1870இல் ஓர் ஆங்கிலத் தீர்ப்பு வகுத்த அளவுகோலைத்தான்: தான் செய்வது என்ன, தன்னிடம் உள்ளது என்ன, தன்னிடம் உரிமை கோரக்கூடியவர்கள் யார், இந்த மூன்றும் அவருக்குத் தெரிகிறதா? இன்று என்ன கிழமை என்பது அதில் இல்லை. அப்பாவுக்குக் கிழமை தெரியாது, மற்ற மூன்றும் தெரியும்.

உறவினர்கள் கூடியதும் பேச்சு நேராகச் செட்டில்மென்ட்டுக்குப் போனது. வீட்டைப் பையன் பேருக்கு எழுதிவிட்டால் அவன் பார்த்துக்கொள்வான் என்று. இதை நான் அடியோடு எதிர்க்கிறேன். அது அப்பாவுக்கான ஏற்பாடு இல்லை, தம்பிக்கான ஏற்பாடு. 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி, பராமரிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கியவர் கைவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யலாம். ஆனால் கைவிடப்பட்டதே தெரியாத ஒருவருக்காக மனுவைத் தூக்கிக்கொண்டு யார் போவார்? அவர் சம்பாதித்தது முதலில் அவருக்குச் செலவாகட்டும். மிஞ்சினால்தான் வாரிசு என்ற பேச்சு. தம்பியும் இதையே சொன்னதால் பிழைத்தோம்.

செலவு எவ்வளவு வரும் என்று நம்மில் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை. கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு மாதம் 30,000 என்று வையுங்கள். எட்டு வருடத்துக்கு 28,80,000 ரூபாய். இதில் விலைவாசி ஏற்றம் இல்லை, மருந்து இல்லை, அந்த ஆள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வராமல் போவதும் இல்லை. மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்த்தால்தான் பணம் தரும். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு 2024இல் மத்திய அரசு அறிவித்த 5 லட்ச ரூபாய்க் காப்பீடும் மருத்துவமனைச் சிகிச்சைக்கானதே. இந்த நோயோ வீட்டிலேயே இருந்து வீட்டிலேயே தின்னும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபிக்குப் பிறகு, அப்பாவிடம் பேசினோம். "உங்க பணத்தை உங்களுக்கு எப்படிச் செலவு பண்ணணும்னு நீங்களே சொல்லிடுங்கப்பா" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். பிறகு, தணிக்கையாளர் குரலில் வந்தது: "வவுச்சர் இல்லாம ஒத்த ரூபா வெளிய போகக் கூடாது. ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். ஒருத்தரே எடுத்து ஒருத்தரே எழுதினா அது கணக்கு இல்ல, கதை."

வக்கீலிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, இதற்குப் பெயர் டிரஸ்ட் என்றார். 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு தனியார் அறக்கட்டளை. வைப்புத்தொகையில் பெரும்பங்கை அப்பா அதற்குக் கொடுத்தார். நான், தம்பி, அப்பாவோடு வேலை பார்த்த ஒரு நண்பர் என மூவர் பொறுப்பாளர்கள், யாராவது இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே வரும். அப்பா இருக்கும்வரை பணம் அவர் பராமரிப்புக்கு மட்டும். அவருக்கு நினைவு தப்பினாலும் டிரஸ்ட் தப்பாது. தனி பான் எண், வருடா வருடம் ஆடிட்டர் செலவு என்று தொல்லைகள் உண்டு, எல்லாக் குடும்பத்துக்கும் இது பொருந்தாது. சின்னத் தொகை உள்ளவர்களுக்கு ஜாயின்ட் கணக்கே போதும். அதிலும் ஒன்று கவனியுங்கள்: இருவரில் எவரும் எடுக்கலாம் என்று இருந்தாலும், வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் உடைக்க வங்கி இருவர் கையெழுத்தையும் கேட்கும். அது தேவையில்லை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய.

வீட்டுக்கு உயில் எழுதினார். சாட்சி இருவரில் ஒருவர் அவருடைய மருத்துவர். சிகிச்சை பற்றிக் கேட்டபோது ஒரே வார்த்தையில் முடித்தார்: "குழாய் வேணாம்."

திருவிடைமருதூர்ப் பக்கம் இருக்கும் ஒன்றரை ஏக்கரைப் பற்றி மட்டும் எங்களுக்குள் உடன்பாடு வரவில்லை. கையில் இருக்கும் பணம் தீர்ந்தால் அதை விற்கலாம் என்பது என் கட்சி. தாத்தா வாங்கிய நிலம், நான் இருக்கும்போது விற்கக் கூடாது என்றார் அப்பா. "நீங்க இருக்கும்போது உங்களுக்குத்தானேப்பா" என்று வாதாடிப் பார்த்தேன். முடியாது என்றார். தவறான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் சொத்து எது, கேட்பவள் யார், மறுப்பது எதை என்று தெரிந்தே மறுத்தார். நான் விரும்பிய கையெழுத்து மட்டும் தெளிவான கையெழுத்து என்று சொல்ல எனக்கு வாய் வராது. நிலம் அப்படியே இருக்கிறது. பணம் பற்றாமல் போனால் எங்கள் கையிலிருந்து போட வேண்டும், எவ்வளவு என்றும் எழுதிக்கொண்டோம். தம்பிக்கு மூன்றில் இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு. அவனுக்குச் சம்பளம் அதிகம், அப்பா இருப்பது என் வீட்டில்.