வீட்டுப் பெட்டியும் தொழிற் பெட்டியும்

கிண்ணியாவுக்கும் திருகோணமலை நகருக்கும் இடையே கிடக்கும் கடல்நீரை, நம்மூரார் 'பாதை' என்றழைக்கும் மிதவையில் ஏறிக் கடந்த காலம் ஒன்றிருந்தது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டது. பாதைக்காகக் காத்துக் கிடந்த தயிர்ச் சட்டிகளுக்கு நகரம் அருகே வந்தது; சிறுதொழில் செய்வோர் நெஞ்சிலே பெருக வேண்டும் என்ற ஆசையும் வந்தது. அந்த ஆசை நியாயமானதே. ஆயின், ஒரு தொழில் தன்னைத் தொடங்கியவனைக் கடந்து வளர்வதென்றால் என்ன? சட்டிகளின் தொகை பெருகுவதா, அன்றி வேறொன்றா?

எருமைத் தயிர் செய்யும் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். பட்டியிலிருந்து பால் வருகிறது. அதைக் காய்ச்சுகிறவள் மனைவி. பதமாக ஆறவைத்து, சட்டிகளில் வார்த்து, உறையிடுகிறவளும் அவளே. பாடசாலை விட்டு வந்த மகன் சட்டிகளை அடுக்குகிறான். கணவன் விடியுமுன் விற்பனைக்குப் புறப்படுகிறான். மாலையில் பணமெல்லாம் ஒரே பெட்டிக்குள் விழுகிறது. அதே பெட்டியிலிருந்துதான் பாலுக்குரிய கடன் தீர்கிறது, அரிசி வருகிறது, மகளுக்குச் சப்பாத்து வருகிறது. மாத முடிவில் பெட்டி வெறுமையாகும்போது, தொழில் நட்டப்பட்டதா, வீடு மிகையாகச் செலவிட்டதா என்று எவராலும் சொல்ல இயலாது. சொல்ல இயலாத இடத்தில் பழி யார் தலையில் விழும்? அடுப்படியில் நிற்பவள் தலையிலேதான்.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். பால், விறகு, சட்டி, போக்குவரத்து எல்லாம் கழித்தபின் நாளொன்றுக்கு 5,000 ரூபா எஞ்சுகிறதென்று வைத்துக்கொள்வோம். அதனை அவன் இலாபம் என்கிறான். ஆனால் அவனும் மனைவியும் செய்யும் வேலைக்கு வெளியார் இருவரை அமர்த்தி ஆளுக்கு 2,500 ரூபா கூலி கொடுத்தால் மிஞ்சுவது என்ன? ஒன்றுமில்லை! இலாபம் என்று எண்ணியது, உண்மையில் எழுதப்படாத இரண்டு கூலிகள். மகனின் மாலைப்பொழுது அந்தக் கணக்கிலும் சேரவில்லை.

இந்தப் பொய் இலாபத்தை நம்பித்தான் தொழிலைப் பெருக்கப் புறப்படுகிறோம். மனைவியின் காப்பு அடகுக்குப் போகிறது. முச்சக்கர வண்டி லீசிங்கில் வருகிறது. இரண்டு வேலையாட்கள் சேர்கிறார்கள். முதல் மாதத்திலேயே பணம் போதவில்லை. அப்பொழுது என்ன செய்கிறோம்? வேலையாளின் கூலியைக் குறைக்கிறோம்; அல்லது வீட்டாளின் உழைப்பை இன்னும் பிழிகிறோம். சுரண்டல் என்பது பெரிய ஆலைகளின் வாசலில் மட்டும் தொடங்குவதன்று. மனைவிக்குக் கூலி எழுத மறந்த கையே, நாளை வேலையாளுக்குக் குறைத்து எழுதும் கையாகிறது.

கடன் இதனை மேலும் கொடிதாக்குகிறது. தொழிலுக்கென்று வாங்கிய கடனை வீடு தின்கிறது. வீட்டுக்கென்று வைத்ததைத் தொழிலின் வட்டி தின்கிறது. வறட்சியால் வாடிய மாவட்டங்களில் பெண்கள் பெற்ற சிறு நுண்கடன்களுக்கு 2018ஆம் ஆண்டில் அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. 2021இல் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் நொந்த பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கடன் கொடுத்தோரின் பேராசையே அங்கு முதற் குற்றம். கணக்கு எழுதினால் மட்டும் அக்கொடுமை ஒழிந்துவிடும் என்று நாம் கூறவில்லை. ஆனால் எதற்காகக் கடன்படுகிறோம் என்பதை அறிந்தவரை ஏய்ப்பது சற்றுக் கடினம்.

"குடும்பத்துக்குள்ளே கணக்கா? அன்பைக் காசால் அளப்பதா?" என்று சிலர் கேட்பர். இக்கேள்வியை இகழ்ந்து ஒதுக்கிவிட முடியாது. மாதந்தோறும் சம்பளம் பெறும் ஆசிரியராகிய நாம், நாளை எத்தனை சட்டி விற்கும் என்றறியாதவருக்கு அறிவுரை கூறுவது எளிது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். எனினும், அன்பு கூலி கேளாது என்பது உண்மையானால், அதன் உழைப்பைக் காணாமலிருக்க அது ஒரு காரணமாகுமா? கேளாதவருக்கு உரியதை நாமாகவே எழுதி வைப்பதன்றோ அன்பு?

கணக்கு நமக்கு அந்நியமானதுமன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பது பற்றியதே. ஸகாத் கடமையும் இந்தப் பிரிவினையைக் கோருகிறது. உரிய அளவை எட்டி ஓராண்டு கடந்த வாணிபச் சரக்குக்கு 40இல் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். வீட்டில் புழங்கும் பாத்திர பண்டங்களுக்கு அது இல்லை. எது வாணிபத்துக்குரியது, எது வீட்டுக்குரியது என்று பிரித்தறியாதவர் ஏழையின் பங்கை எங்ஙனம் அறிவார்?

தொழில் தனியொருவரைக் கடந்து வளர்ந்ததற்கு எருமைப் பாலிலேயே ஒரு சான்று உண்டு. குஜராத்தின் கைரா மாவட்டத்தில், பால் வாங்குவோரின் ஏகபோகத்தையும் இடைத்தரகரையும் எதிர்த்து, 1946இல் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பிறந்தது. திரிபுவன்தாஸ் பட்டேல் அதற்குத் தலைவரானார். இரண்டு கிராமச் சங்கங்கள், நாளொன்றுக்கு 247 லீற்றர் பால்: இவ்வளவே தொடக்கம். இன்று 'அமுல்' என்ற பெயரை அறியாதார் யார்? ஒவ்வொருவர் பாலும் அளக்கப்பட்டது. கொழுப்புச் சத்து சோதிக்கப்பட்டது. உரிய விலை எழுதப்பட்டது. எழுத்திலே நம்பிக்கை பிறந்தது. நம்பிக்கையிலே அமைப்பு வளர்ந்தது. எனினும் அங்கும் ஒரு குறை இருந்தது. எருமையைப் பேணியவள் பெண். உறுப்பினர் பட்டியலில் நெடுங்காலம் நிறைந்திருந்தவை ஆண்களின் பெயர்கள். நாம் அந்த வெற்றியைக் கற்கும்போது அந்தக் குறையையும் கற்க வேண்டும்.

ஆகவே, தொடக்கம் மிக எளியது. பெட்டி இரண்டாகட்டும், கொப்பியும் இரண்டாகட்டும். தொழிற் பெட்டியிலிருந்து கணவனுக்கு ஒரு கூலி, மனைவிக்கு ஒரு கூலி என்று எழுதி, அத்தொகை மட்டுமே வீட்டுப் பெட்டிக்குப் போகட்டும். கொடுக்க முடியாத மாதத்தில் கடன் என்றாவது அது எழுதப்படட்டும். வேலையாளும் கணக்கைப் பார்க்கும் உரிமை பெறட்டும். அதன்பின்னும் மிஞ்சுவதே இலாபம். அதைக் கொண்டு பெருகுவதே பெருக்கம்.

தொடங்கியவன் நோயுற்றுப் படுத்தால் தயிரும் உறையாது என்ற நிலையிருந்தால், அவன் தொழிலை வைத்திருக்கவில்லை. தொழில் அவனைக் கட்டி வைத்திருக்கிறது. தன்னைக் கடந்து வளர்வதென்பது தனக்கப்பால் நிற்கும் மனிதரைக் காண்பது. அவர்களில் முதல்வர் தெருவில் இல்லை; நம் அடுப்படியிலேயே நிற்கிறார். கொப்பியின் முதற் பக்கத்தில் அவர் பெயரை எழுதுவோம்.