மற்றப் படகுகள்

கடலில் புயல் எழுந்தது என்ற செய்தி காதில் விழுந்ததும் நம் உள்ளத்தில் முதலில் ஒரு கேள்வியே எழுகிறது. செபம் அதன் பின்னரே வருகிறது. கடற்கரை ஊர் ஒன்றில் நமக்கு நண்பர் ஒருவர் இருப்பார். உடன் படித்தவராக இருப்பார். ஞானப்பெற்றோர் என்ற முறையில் உறவானவராக இருப்பார். ஊர்த் திருவிழாவிற்கு அழைத்து வீட்டில் அமர்த்திச் சோறிட்டவராக இருப்பார். அவர் எப்படி இருக்கிறாரோ என்று மனம் பதைக்கிறது. கைப்பேசியை எடுக்கிறோம். மணி அடிக்கிறது, எடுப்பார் இல்லை. மீண்டும் அழைக்கிறோம். இந்தச் சிறு செயலை அறம் என்று எவரும் பெரிதாகப் பேசுவதில்லை. மனித இயல்பு என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆயினும் நாம் நின்று சிந்திக்க வேண்டிய வினா ஒன்று இதனுள் அடங்கியிருக்கிறது. நண்பர் நலமா என்று கேட்கும்போது யாருக்காகக் கேட்கிறோம்? அவர் நலம் என்று அறிந்தபின் நம் கடமை முடிந்துவிடுகிறதா?

2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தை உலுக்கியது. ரப்பர் மரங்களும் வாழைத் தோட்டங்களும் சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து ஊர்கள் பல நாள் இருளில் கிடந்தன. நிலத்தில் நேர்ந்த இழப்பைக் கண்ணால் காண முடிந்தது. கடலில் நேர்ந்ததை யாராலும் காண முடியவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களைச் சேர்ந்த ஆடவர் பலர் பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தொழிலுக்காக முன்பே புறப்பட்டுப் போயிருந்தனர். அவர்கள் போனபின் கரையில் விடுக்கப்பட்ட எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. படகிலிருந்த வயர்லெஸ் கருவிகளின் குரலும் ஆழ்கடலிலிருந்து கரைவரை வந்து சேரக்கூடியதாய் இல்லை. கரையில் நின்ற தாய்மாரும் மனைவியரும் எங்கே என்று கேட்டனர். மறுமொழி கூற ஆளில்லை.

இத்தகைய வேளையில் தொலைவிலிருந்து நலம் கேட்கும் நம்மைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம். கவலை நம்மை அரிக்கும்போது அதைத் தணித்துக்கொள்ளவும் நாம் கேட்கக்கூடும். அதில் பாவம் ஏதும் இல்லை. ஆனால் நம் நெஞ்சின் பாரம் இறங்குவதே கேள்வியின் நோக்கமாகிவிட்டால், நண்பர் நம் அமைதிக்குக் கருவியாகிவிடுகிறார். மின்சாரம் இல்லாத ஊரில் ஒரு கைப்பேசியின் மின்கலத்தில் எஞ்சியிருக்கும் ஆற்றல் விலைமதிப்பற்றது. கடலுக்குப் போன மகனின் அழைப்பு எந்த நேரமும் வரலாம். அதே எண்ணுக்குப் பத்து நண்பர்கள் பத்து முறை அழைத்துத் தத்தம் மனத்தை ஆற்றிக்கொள்வது அன்பாகுமா? ஒருவர் கேட்டு அறிந்து மற்ற ஒன்பது பேருக்கும் சொல்வதே அங்கே மெய்யான அன்பு. வள்ளுவப் பெருந்தகை நட்பைச் சொல்லும்போது, இடுப்பிலிருந்து ஆடை நழுவுகையில் தானே விரைந்து சென்று அதைப் பற்றும் கையை உவமையாக்கினார். அந்தக் கை தன் நிம்மதிக்காக விரைவதில்லை. மானம் காக்கப்பட வேண்டும் என்பதற்காகவே விரைகிறது.

மறைநூலைத் திறந்தால், மனிதனை நோக்கி இறைவன் கேட்கும் முதற்கேள்வியே இருப்பிடத்தைப் பற்றியதாய் இருக்கக் காண்கிறோம். தோட்டத்து மரங்களிடையே ஒளிந்த ஆதாமை எங்கே இருக்கிறாய் என்று தேடுகிறார். அடுத்த அதிகாரத்திலே காயினிடம் அவன் தம்பி ஆபேல் எங்கே என்று வினவுகிறார். யாவும் அறிந்த இறைவனுக்கு இக்கேள்விகளால் அறியவேண்டியது ஒன்றும் இல்லை. உறவு அறுந்த இடத்தில் அதை மீண்டும் கட்டவே அவர் கேட்கிறார். காயினோ, தான் தம்பிக்குக் காவலாளியா என்று திருப்பிக் கேட்டு நழுவப் பார்க்கிறான். மறுமொழியை மட்டுமன்றி, அம்மறுமொழியோடு வரும் பொறுப்பையும் அவன் மறுத்துவிடுகிறான். ஆகவே ஒருவரது நலத்தைக் கேட்பவர், கேட்ட அந்நொடியிலேயே அவருக்குக் காவலாளியாகிவிடுகிறார் என்று கொள்ளலாம். வீடு இடிந்தது என்று மறுமொழி வந்தால் என் வீட்டிற்கு வாருங்கள் என்று சொல்லும் மனம் வேண்டும். மறுமொழியே வராவிட்டால், அந்த மௌனத்தையும் சுமக்கும் துணிவு வேண்டும்.

இனி, இதைவிடக் கடினமான இடத்திற்கு வருகிறோம். நம் நண்பர் கரை சேர்ந்துவிட்டார். நாம் இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். அதே தெருவில் அடுத்த வீட்டிற்குச் செய்தி வரவில்லை. அங்கே அழுகுரல் கேட்கும்போது இங்கே நன்றி கூறுவது நீதியா? எல்லாரும் இறைவனின் பிள்ளைகளாய் இருக்க, ஒருவரைப் பெயர் சொல்லித் தேடிவிட்டு மற்றவரை எண்ணிக்கையில் விட்டுவிடுவது அன்பா?

திருச்சபையின் பேராசான்கள் இவ்வினாவை ஒதுக்கிவிடவில்லை. எல்லாரையும் அன்பு செய்ய வேண்டும். எனினும் எல்லாருக்கும் உதவ நம்மால் இயலாது. ஆகையால் இடத்தாலும் காலத்தாலும் வாழ்வின் பிற தொடர்புகளாலும் நம்மோடு நெருங்கியிருப்போரை, சீட்டுக் குலுக்கலில் நமக்கு விழுந்தவர்களைப் போல ஏற்றுக் காக்க வேண்டும் என்பது புனித அகுஸ்தினாரின் கருத்து. அன்பிற்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று விளக்கிய புனித தோமா அக்குவினார், நெருங்கியோரை மிகுதியாக நேசிப்பது அவ்வொழுங்கிற்கு ஏற்றதே என்றார். எனவே நண்பரை முதலில் தேடியதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. மனிதகுலம் முழுவதையும் ஒருசேர நேசிக்கிறேன் என்பவர், பல வேளைகளில் ஒருவருடைய வாசற்படியையும் மிதித்திருக்கமாட்டார்.

ஆனால் அதே அக்குவினார் அந்த ஒழுங்கிற்கு ஓர் எல்லையும் வகுத்தார். சொந்தத் தந்தைக்கு அவ்வளவு நெருக்கடி இல்லாதபோது, உயிர்போகும் நெருக்கடியில் இருக்கும் அந்நியனுக்கே முதலில் உதவவேண்டிய நிலை வரலாம் என்று அவர் கற்பித்தார். புயல் நாளின் அறம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. நம் நண்பர் கரையேறியபின் அவர் நெருக்கடி குறைந்துவிட்டது. அந்நொடி முதல் நம் அன்பின் முதற்கடன், இன்னும் வராதவருக்கு உரியதாகிறது. நண்பரைத் தேடி எழுந்த நாம் அங்கேயே அமர்ந்துவிடலாகாது.

இயேசு புயலை அடக்கிய நிகழ்ச்சியை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். அப்பகுதியில் மாற்கு மட்டுமே தரும் ஒரு சிறு குறிப்பு நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. ஆண்டவர் ஏறிய படகோடு வேறு படகுகளும் சென்றன என்கிறார் அவர். சீடர்கள் தங்கள் படகில் நீர் நிறைவதைக் கண்டு, நாங்கள் சாகப்போவது உமக்குக் கவலையில்லையா என்று கதறுகின்றனர். அவர்களது அச்சம் இயல்பானதே. ஆனால் உடன் வந்த மற்றப் படகுகளைப் பற்றி அவர்களில் ஒருவரும் பேசியதாகக் காணோம். காற்று ஓய்ந்து பேரமைதி உண்டானபோது அவ்வமைதி சீடரின் படகைச் சுற்றி மட்டும் உண்டாகவில்லையே! கேளாத படகுகளுக்கும் சேர்த்தே கடல் அடங்கிற்று. ஆண்டவரின் அருள் நம் செபத்தின் எல்லையைவிட அகன்றது.

புனித பவுல் உரோமைக்குச் சென்ற கடற்பயணத்தில் இப்பாடம் இன்னும் தெளிவாகிறது. திருத்தூதர் பணிகள் நூல், கப்பலில் இருந்தோர் 276 பேர் என்று எண்ணிச் சொல்கிறது. அவர்களுள் அரிஸ்தர்க்கு போன்ற நண்பர்கள் சிலரே. படைவீரரும் மாலுமிகளும் கைதிகளும் பலர். உடன் பயணம் செய்யும் அனைவரையும் கடவுள் அவருக்கு அருளியிருக்கிறார் என்றே வானதூதர் பவுலிடம் கூறுகிறார். நங்கூரம் இறக்குவதாகப் பாசாங்கு செய்து சிறு படகில் தாங்கள் மட்டும் தப்ப முயன்ற மாலுமிகளின் சூழ்ச்சியை வெளிப்படுத்தியவரும் பவுலே. பதினான்கு நாள் அலைக்கழிந்தபின் மால்தாத் தீவில் எல்லாரும் கரையேறினர். தலைகளை எண்ணுவது அங்கே அன்பின் பணியாயிற்று.

ஒக்கியின் நாள்களில் நம் கடற்கரைப் பங்குகளில் இப்பணியே நடந்தது. பங்குத்தந்தையரும் ஊர்ப் பெரியோரும் அமர்ந்து, எந்தப் படகு, அதில் யார் யார், எப்போது புறப்பட்டனர் என்று வீடு வீடாகக் கேட்டுப் பெயர்ப்பட்டியல்களை எழுதினர். அரசு கூறிய தொகைக்கும் ஊரார் கூறிய தொகைக்கும் வேறுபாடு இருந்தது. டிசம்பர் 2-ஆம் நாள் மகாராஷ்டிரக் கரையில் 68 படகுகளும் 952 மீனவரும் பத்திரமாகச் சேர்ந்தனர் என்ற நற்செய்தி வந்தது. அவற்றுள் 66 கேரளப் படகுகள், 2 தமிழகப் படகுகள் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் படகின் பதிவு ஒரு மாநிலத்திலும், அதில் சென்றவரின் வீடு மற்றொரு மாநிலத்திலும் இருப்பது அக்கரையில் வழக்கம். எண்ணைக் கொண்டு மனிதரைக் கண்டுபிடிக்க இயலாது. பெயரைக் கொண்டே இயலும். இன்னும் வராதவர்களைத் தேடுங்கள் என்று கேட்டு, டிசம்பர் 7-ஆம் நாள் கடற்கரை மக்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை இரயில் நிலையத்தில் அமர்ந்தனர். சிலருக்கு அது போராட்டமாகத் தோன்றியிருக்கலாம். எங்கே என்ற பழைய கேள்வியையே அவர்கள் ஊரோடு சேர்ந்து கேட்டனர்.

இங்கே நம் நாட்டுச் சட்டத்தில் உள்ள ஒரு விதியை நினைவுகூர்வது பொருந்தும். 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், ஒருவரைப் பற்றி ஏழாண்டுகள் செய்தி இல்லையெனில் அவர் இறந்தவராகக் கருதப்படலாம் என்றது. அதன் இடத்தில் 2024-இல் நடைமுறைக்கு வந்த சட்டமும் அவ்விதியைக் கொண்டிருக்கிறது. யாருக்குச் செய்தி இல்லை? அவர் உயிரோடு இருந்தால் இயல்பாகவே எவருக்குச் செய்தி வந்திருக்குமோ அவர்களுக்கு. ஒவ்வொரு மனிதருக்கும் அப்படிச் சிலர் இருப்பர் என்று சட்டமே நம்புகிறது. ஒக்கியில் காணாமற்போனோரின் குடும்பங்களுக்கு நிவாரணம் தரும்போது அரசுகள் இந்தக் காத்திருப்பைத் தளர்த்தின. அது நல்லதே. ஆனால் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. இன்று நம் கடற்கரைகளின் விசைப்படகுகளில் வடமாநிலத்து இளைஞரும் கூலிக்குச் செல்கின்றனர். அவர்கள் ஊர் தொலைவில் இருக்கிறது, மொழியும் வேறு. துறைமுகத்தில் அவர்கள் பெயரை முழுமையாக அறிந்தவர் எத்தனை பேர்? இயல்பாகச் செய்தி பெறவேண்டியவர் எவரும் அருகில் இல்லாத ஒருவனுக்காக யார் கேட்பது? அவனுக்கு உறவாய் நிற்கும் கடமை, அவன் தங்கியிருந்த துறையின் பங்குக்கே உரியது என்று நாம் துணிந்து கூறலாம்.

நலம் கேட்போர் உண்மையையும் காக்க வேண்டும். அவர்கள் ஏதோ ஒரு தீவில் இருக்கிறார்களாம், நாளை வந்துவிடுவார்களாம் என்று உறுதியற்ற செய்தியைப் பரப்புவோர் பெரும்பாலும் ஆறுதல் கூறவே விரும்புகின்றனர். ஆனால் அச்சொல்லை நம்பி இரவெல்லாம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்ற தாய் மறுநாள் அடையும் துயரம் இரட்டிப்பானது. பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கட்டளை இரக்கத்திற்காகத் தளர்த்தப்படவில்லை. தெரியவில்லை, உங்களோடு நானும் காத்திருக்கிறேன் என்று சொல்வதே அந்த இரவிற்குரிய இரக்கம்.

ஒக்கிக்குப் பின் கருவிகள் பெருகின. 2019-இல் அறிமுகமான ஜெமினி என்னும் கருவி, செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையை ஆழ்கடலுக்குக் கொண்டுசென்றது. ஆனால் படகில் இருப்பவர் அதன் வழியே கரைக்கு மறுமொழி கூற இயலாது. பின்னர் இருபுறமும் செய்தி அனுப்பும் கருவிகளும் வந்துள்ளன. நல்ல வளர்ச்சி. நம் அக்கறையும் இவ்வாறு வளர வேண்டும். நாம் சொல்வதோடு நில்லாமல், அவர்கள் சொல்வதைக் கேட்கவும் நமக்குக் காது வேண்டும். உடல் கிடைக்காத ஒருவருக்காக அடக்கத் திருப்பலி ஒப்புக்கொடுத்த குடும்பம், ஓராண்டு கழித்தும் சொல்ல எத்தனையோ வைத்திருக்கும்.

கடலிலிருந்து தொலைவில் வாழும் நாம் என்ன செய்ய இயலும் என்று கேட்கலாம். நண்பர் நலம் என்று சொன்னவுடன் இரண்டாவது கேள்வி ஒன்றைக் கேட்போம்: உங்கள் ஊரில் இன்னும் வராதவர் யார்? அவர் சொல்லும் பெயர்களை எழுதிக்கொள்வோம். ஞாயிறு மன்றாட்டில் கடலில் இருப்போர் என்று பொதுவாகச் சொல்வதோடு நில்லாமல் அப்பெயர்களையும் வாசிப்போம். அந்த வீடுகளுக்கு அரிசி வேண்டுமா, பிள்ளைகளின் படிப்பு நிற்கிறதா, அலுவலகத்தில் மனு எழுத ஆள் வேண்டுமா என்று நம் நண்பர் வழியாகவே அறிவோம். நட்பு என்னும் வாசல் நமக்குத் திறந்திருப்பது, அதன் வழியே அடுத்த வீட்டிற்கும் செல்வதற்காகவே.

இது நடக்கக்கூடியதா என்று ஐயுறுவோர் 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தை நினைத்துப் பார்க்கட்டும். ஒக்கியில் உறவுகளை இழந்து ஒன்பது மாதமும் நிறையாத திருவனந்தபுரக் கரையின் மீனவர்கள், கேரளத்தின் உள்நாட்டு ஊர்களை வெள்ளம் சூழ்ந்தபோது தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டனர். அவர்கள் மீட்டவர்களுள் பெரும்பாலோர் அவர்கள் முன்பின் கண்டிராதவர்கள். கூரைமேல் நின்றவரிடம் எந்த ஊர், எந்த மதம் என்று அவர்கள் கேட்கவில்லை. வீட்டிற்குள் இன்னும் யாரேனும் இருக்கிறார்களா என்றே கேட்டனர். அடுத்த புயலின்போது அக்கேள்வி நம் வாயிலிருந்தும் வர இறைவன் அருள்வாராக.