காணாமற் போனவனின் சம்மதம்

சுவீகாரம் என்றதும் பிள்ளையில்லாத பெரிய வீடும், சொத்துத் தகராறும், பங்காளிகளின் முணுமுணுப்பும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. கதை எழுதுகிற நாங்கள் செய்துவைத்த காரியம் அது. ஒரே வீட்டுக்குள் நடக்க வேண்டிய சுவீகாரம் ஒன்றும் உண்டு. புருஷன் ஓடிப் போனான். பிறந்த வீட்டில் சில வருஷம் கிடந்துவிட்டு, விவாகரத்துப் பெற்று அவள் மறுமணம் செய்துகொண்டாள். வந்தவர் நல்லவர். அவளுடைய பையனுக்குக் காய்ச்சல் என்றால் இரவெல்லாம் விழித்திருக்கிறார். பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுகிறார். சட்டப்படியும் இவன் தகப்பனாகிவிடுகிறேன் என்கிறார். பெற்றவனின் சம்மதம் எங்கே என்று கேட்கிறது சட்டம்.

1956-ஆம் வருஷத்து இந்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டம், தகப்பன் உயிரோடிருந்தால் பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் உரிமை அவனுக்கே என்றது. 2010-இல் தாய்க்கும் அந்த உரிமை வந்தது. ஆனாலும் ஒருவர் கொடுக்க மற்றவர் சம்மதிக்க வேண்டும். மற்றவர் முற்றிலும் சந்நியாசம் வாங்கியிருந்தாலோ, மதம் மாறியிருந்தாலோ, சித்த சுவாதீனமற்றவர் என்று கோர்ட் தீர்மானித்திருந்தாலோதான் சம்மதம் வேண்டாம். சொல்லிக்கொண்டு துறந்தவனைச் சட்டம் போகவிடுகிறது. சொல்லாமல் கொள்ளாமல் துறந்தவனைத் தகப்பன் ஸ்தானத்திலேயே உட்கார்த்தி வைத்திருக்கிறது! வேடிக்கை இதோடு நிற்கவில்லை. தாயும் தகப்பனும் இருவருமே கைவிட்ட குழந்தையைக் கோர்ட்டின் அனுமதியோடு கார்டியன் தத்துக் கொடுக்கலாம். ஒருவர் கைவிட்டு, ஒருவர் கைவிடாமல் காப்பாற்றிய குழந்தைக்குத்தான் அந்தக் கதவு சாத்தியிருக்கிறது.

ஏழு வருஷம் காத்திருக்கலாமே என்பீர்கள். உயிரோடிருந்தால் யாருக்குத் தகவல் தெரிந்திருக்குமோ அவர்கள் ஏழு வருஷமாக ஒன்றும் கேள்விப்படவில்லையென்றால், ஒருவனை இறந்தவனாகக் கொள்ளலாம் என்று 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் சொன்னது. 2024-இல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வேறு வழக்காறு இல்லாதபோது, தத்துப் போகிற பிள்ளைக்குப் பதினைந்து வயது நிரம்பியிருக்கக் கூடாது. தகப்பன் போகும்போது பையனுக்கு ஒன்பது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கணக்கு ஒத்து வந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. தன் பிள்ளைக்கு ஒரு தகப்பனைக் கொடுப்பதற்காக, இன்னொருவன் செத்தான் என்று அவள் ஏன் மனுப் போட வேண்டும்? அவனைச் சபித்த நாட்களில்கூட அந்த வார்த்தை அவள் வாயில் வந்திராது.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. போனவர்கள் எல்லோரும் ஓடிப் போனவர்களா? கடலுக்குப் போய்த் திசை தப்பியவன் இருக்கலாம். புத்தி பேதலித்து ஏதோ ஒரு கோயில் வாசலில் பெயர் தெரியாமல் உட்கார்ந்திருப்பவன் இருக்கலாம். அவன் ஒரு நாள் தெளிந்து திரும்பி வரும்போது, “உன் பிள்ளை இப்போது உன் பிள்ளை இல்லை” என்று சொல்ல யாருக்கு நா எழும்? ஆகவே தேடத்தான் வேண்டும்; மனசாரத் தேட வேண்டும். பத்திரிகையின் மூலையில், பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாத எழுத்தில், “இன்ன தேதியில் ஆஜராகத் தவறினால்” என்று ஒரு நோட்டீஸ் போட்டுவிட்டுத் தேடியாயிற்று என்று சொல்வதைத் தேடலென்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உறவுக்காரர்களிடமும், வேலை பார்த்த இடத்திலும், போலீஸிலும் விசாரிக்கட்டும். அதற்கு ஒரு கெடு இருக்கட்டும். கெடு தாண்டியபின் சம்மதம் கேட்பது, அவன் சுமக்காத பாரத்துக்கு அவனிடம் கூலி ரசீது கேட்பது போலத்தான்.

நம் பழைய தர்ம சாஸ்திரக்காரர்களை எல்லாவற்றிலும் நான் ஏற்பவனல்ல. ஆனாலும் மனு பன்னிரண்டு வகைப் பிள்ளைகளை எண்ணும்போது ‘ஸ்வயம்தத்தன்’ என்று ஒருவனைச் சொல்கிறார். பெற்றோரை இழந்தோ, காரணமின்றி அவர்களால் கைவிடப்பட்டோ, தன்னைத் தானே ஒருவருக்குப் பிள்ளையாகக் கொடுத்துக்கொண்டவன் அவன். கைவிட்டவர்களின் கையெழுத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. 1956-ஆம் வருஷத்துச் சட்டமோ, பெற்றவர்கள் தத்துக் கொடுக்கும்போது பையனை ஒரு வார்த்தை கேட்கச் சொல்லவில்லை.

இதில் என்னை உறுத்துவது வேறொன்று. சுவீகாரம் ஆனதும் பிறந்த குடும்பத்தோடு இருந்த பந்தமெல்லாம் சட்டப்படி அறுந்துவிடும். கல்யாணத்துக்கு ஆகாத முறை மட்டும் ஆகாததாகவே நிற்கும். ரத்தம் அங்கே மட்டும் சட்டத்துக்கு ஞாபகம் வருகிறது. ஓடிப்போனவனுக்கு ஒரு தாய் இருப்பாளே! மகனையும் தொலைத்து, பேரனையும் காகிதத்தில் தொலைக்கிற கிழவி. அவள் என்ன பாவம் செய்தாள்?

எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படித் தகப்பனானவர். தீபாவளி தோறும் ஒரு நூல் புடவை வாங்கிக்கொண்டு, பையனையும் கூட்டிக்கொண்டு அந்தக் கிழவி வீட்டுக்குப் போவார். பையன் உள்ளே போய்விடுவான். அவன் திரும்பி வருகிறவரை இவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

“நீங்களும் உள்ளே போகலாமே?” என்று கேட்டேன்.

“அந்த வீட்டுக்கு நான் யார் ஸார்?” என்றார்.