முனிக்கு நேர்ந்துவிட்ட சேவல்

நோய் கண்ட பண்ணையில் கோழிகளைக் கூட்டமாகக் கொன்று குழியில் போடுகிறார்களே, அந்தப் பாவம் யாரைச் சேரும்? போர்ட்டிக்சன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முனீஸ்வரனுக்குப் பூசை வைக்கிறவன் நான். சேவல் அறுக்கிற கை என்னுடையது என்பதால் இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவருகிறார்கள்.

அறுப்பதற்கு முன் சேவலின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். பிறகு காத்திருக்க வேண்டும். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால்தான் சாமி உத்தரவு. சில சேவல் தண்ணீர் பட்டதுமே உதறும். சில அசையாமல் நம்மையே பார்த்துக்கொண்டு நிற்கும். நேர்ந்தவர் கையெடுத்துக் கும்பிட்டு, "ஐயா, குத்தங்குறை இருந்தா பொறுத்துக்கோ" என்பார். சேவல் உதறும்வரை கத்தியை நான் தொடுவதில்லை. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. சுணங்கிய கோழி, கண்ணில் நீர் வடிகிற கோழி, கொண்டை கறுத்த கோழி எதுவும் சன்னதிக்கு வரக் கூடாது. என் அப்பா பூசை வைத்த காலத்தில் ஒவ்வொரு சேவலின் கொண்டையையும் இறக்கையடியையும் பார்த்த பிறகே வாங்குவார். பறவைக் காய்ச்சல் கண்ட கோழிக்குக் கொண்டை நீலம் பாரிக்கும், தலை வீங்கும், நேற்று மேய்ந்தது இன்று செத்துக் கிடக்கும் என்று கால்நடை இலாகாக்காரர்கள் சொன்னபோது, அப்பா எதைத் தேடினார் என்பது எனக்கு விளங்கியது.

பாவக் கணக்கைப் பேசுவதற்கு நாங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1998 கடைசியில் பேராக்கில் ஈப்போ பக்கம் பரவிய மூளைக்காய்ச்சல் எங்கள் மாநிலத்தில் புக்கிட் பெலாண்டோக்கிலும் சுங்கை நிப்பாவிலும் வந்து இறங்கியது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் கொசுவால் வரும் அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிப்பது. இங்கே விழுந்தவர்களோ பன்றிப் பண்ணையில் வேலை செய்த பெரியவர்கள். சீனர்களோடு நம்மவர்களும் அதில் இருந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் அது புதுக் கிருமி என்று கண்டுபிடித்தார். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதனுக்கும் வந்த கிருமி. பண்ணையை ஒட்டிய மரங்களில் வௌவால் கடித்துப் போட்ட பழத்தைக் கீழே பன்றி தின்றிருக்கிறது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பட்டாளம் வந்து பன்றிகளைச் சுட்டது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டவை குழிக்குள் போயின.

அந்த நோய் பேராக்கிலிருந்து இங்கே லாரியில்தான் வந்தது, விற்ற பன்றிகளோடு. இங்கிருந்து சிங்கப்பூருக்குப் போன பன்றிகளால் அங்கே இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேர் படுத்தார்கள், ஒருவர் இறந்தார். தெரியாமல் விற்றவரை நான் குற்றம் சொல்லமாட்டேன். மந்தையில் நோய் இருப்பது தெரிந்தும் கைக்கு வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவன் இருக்கிறானே, குழியில் விழும் உயிர்களுக்கு அவன்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். துப்பாக்கி பிடித்த பட்டாளத்துப் பையன் அல்ல.

ஆனாலும் அந்தக் கொலையைப் 'பலி' என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பலியில் நேர்ந்தவர் தன் சொத்தைக் கொடுக்கிறார், உயிரிடம் உத்தரவு கேட்கிறார், அதன் ரத்தத்துக்கு முன்னால் நிற்கிறார். குழியில் இது எதுவும் இல்லை. அது பயத்தில் செய்கிற கொலை. செய்யத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் அதன் பாரம் ஊருக்கே பொது.

நம் நாட்டில் கோழிகளுக்கு எச்5என்1 என்கிற பறவைக் காய்ச்சல் முதலில் வந்தது 2004 ஆகஸ்ட்டில், கிளந்தானில். 2006இல் கோம்பாக்கில், 2007இல் சுங்கை பூலோவில். அப்போதெல்லாம் கோழிகளை அழித்ததோடு நின்றது, ஆளுக்கு ஒட்டவில்லை. 1997இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு ஒட்டி 6 பேர் போனார்கள். இன்றுவரை உலகத்தில் இது ஒட்டியதாகக் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிழைக்கவில்லை. கிருமி இன்னும் ஆளிடமிருந்து ஆளுக்கு எளிதாகத் தாவப் பழகவில்லை, அவ்வளவுதான். பழகினால் என்ன ஆகும் என்பதற்கு 1918 இருக்கிறது. அந்த வருடம் பரவிய ஃப்ளூ காய்ச்சலில் மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்ட வந்த தமிழர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஒரே கூரை, நடுவில் பலகைச் சுவர் மட்டும் வைத்த லயத்தில் ஒருவர் இருமினால் அடுத்த வீட்டுக்காரருக்குக் கேட்கும்.

"சாமி இருக்கும்போது முகமூடி எதுக்கு?" என்று 2020இல் கொரோனாவுக்காகக் கோயிலைப் பூட்டியபோது என்னிடம் சண்டைக்கே வந்தார்கள். அம்மை கண்ட வீட்டில் நாம் என்ன செய்தோம் என்று அவர்களைத் திருப்பிக் கேட்டேன். வாசலில் வேப்பிலை செருகினால் வெளியாள் உள்ளே வரமாட்டான். வீட்டார் வேறு வீடு ஏறமாட்டார்கள். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளை வெளியே வராது. எங்களுக்கு அம்மை வந்தபோது பக்கத்து வீட்டு அத்தை கஞ்சித் தூக்கை வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று, "எடுத்துக்கடா" என்று குரல் கொடுப்பார். அவர் அம்மனை அவமதித்தாரா? பெரியம்மை ஒழிந்ததென்று 1980இல் அறிவித்துவிட்டார்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை நாம் நிறுத்தவில்லையே. அவள் நோய்க்காரி மட்டுமாக இருந்திருந்தால் அன்றே கோயிலை விட்டுப் போயிருப்பாள்.

இப்போது லயத்தில் பாதிக்கு மேல் வங்காளதேசத்துப் பையன்களும் இந்தோனேசியர்களும். செம்பனைக் குலை வெட்டுகிறார்கள், கொல்லையில் நாலு கோழி வளர்க்கிறார்கள். கோழி செத்தால் யாரிடம் சொல்வது என்று அவர்களுக்குத் தெரியாது. சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. நம் தாத்தாக்களும் கிராணிக்குப் பயந்து இதே லயத்தில் காய்ச்சலை மறைத்தவர்கள்தான். முனி இந்தத் தோட்டத்தின் எல்லைக்குக் காவல் என்று நம்புகிறவன் அந்தப் பையன்களை அந்த எல்லைக்கு வெளியே வைக்க முடியாது. போன வாரம் கோயில் கமிட்டியில் இதைத்தான் பேசினேன். செத்த கோழியை வெறுங்கையால் தொடாதே, இறகு பிடுங்காதே, கால்வாயில் வீசாதே, பிள்ளைகளை நெருங்க விடாதே, இலாகாவுக்குச் சொல் என்று கோயில் மைக்கில் மலாயிலும் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும் கிழவர் கிழவிகள் பெயரை இப்போதே எழுதி, யார் வீட்டிலிருந்து யாருக்குச் சோறு போகும் என்று முடிவு செய்து வைக்க வேண்டும். காய்ச்சல் வந்த பிறகு பட்டியல் போட நேரம் இருக்காது.

வரும் ஆடிப் பூசைக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். கோழி செத்த வீட்டிலிருந்து சேவல் வராது, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வராது. அந்த வீட்டாருக்குப் பூசணிக்காய் வெட்டி நேர்த்திக்கடனைக் கழித்துத் தருவேன். முனி ஏற்க மாட்டார் என்று பயப்படுகிறவர்கள் சன்னதிக்கு வந்து என் பக்கத்தில் நிற்கட்டும். அவர்களுக்காக உத்தரவு கேட்க வேண்டியவன் நான்.