அப்பா வேலைக்குப் போயிருக்கார் என்று சொல்லாதீர்கள்

ஒரு வீட்டில் சாவு விழுந்ததும், சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்று பெரியவர்கள் கூடி முடிவெடுக்கிறோம். பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைக்கிறோம். கேட்டால், அப்பா ஊருக்குப் போயிருக்கார், தூங்குகிறார், வேலைக்குப் போயிருக்கார் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்கிறோம். பிள்ளை தாங்காது என்ற பயம்தான் காரணம். எந்த ஊரிலும் இது பிள்ளைக்குச் செய்யும் தீங்குதான். ஓசூரில் அந்தத் தீங்கு இரட்டிப்பாகிறது.

ஏனென்றால் இது ஷிப்ட் ஊர். 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்டும் டைட்டனும் சிப்காட்டின் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளும் ஊரின் நேரத்தையே மாற்றின. அப்பா நைட் ஷிப்ட், அம்மா ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் வாசலில் ஒருவர் செருப்பைக் கழற்றும்போது மற்றவர் மாட்டுவார். ஜூஜூவாடியில் கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளிக்கும் பொம்மசந்திராவுக்கும் போகிறவர்கள் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புகிறார்கள். இங்கே பிறந்த பிள்ளை பேசப் பழகும் முன்பே ஒரு பாடம் கற்றுவிடுகிறது: போகிறவர்கள் வருவார்கள். அந்தத் தைரியத்தில்தான் அது அங்கன்வாடியில் அழாமல் உட்காருகிறது. சாவை ‘வேலை’ என்று சொல்லி மறைக்கும்போது நாம் பறிப்பது அந்தத் தைரியத்தை.

வேலைக்குப் போனவர் திரும்பாத நாட்களும் இந்தப் பக்கம் உண்டு. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்து 9 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில், லாரியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை இறக்கும்போது தீப்பிடித்தது. அன்றைக்கே 14 உயிர்கள் போயின. தீபாவளி நேரத்தில் கையில் நாலு காசு சேரட்டும் என்று தருமபுரி மாவட்டம் அரூர்ப் பக்கத்திலிருந்து போன இளைஞர்களும் அதில் இருந்தார்கள். அண்ணன் எப்போ வரும் என்று கேட்ட தம்பி தங்கைகளுக்கு அந்த வீடுகளில் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

1948இல் மரியா நாகி என்ற ஹங்கேரிய உளவியலாளர், பிள்ளைகள் சாவை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதினார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அதை ஒரு பயணமாக, ஒரு தூக்கமாக நினைக்கிறார்கள். போனவர் எங்கோ இருக்கிறார், வந்துவிடுவார் என்று நம்புகிறார்கள் என்பது அவர் கண்டது. பிள்ளை தானாகவே செய்துகொள்ளும் அந்தத் தவறான கணக்கை, ‘ஊருக்குப் போயிருக்கார்’ என்று சொல்லி நாமே சரி என்று ஆக்கிவிடுகிறோம்.

எங்கள் தெருவில், வரிசை வீடு ஒன்றில், இதைக் கண்ணெதிரே பார்த்தேன். நெடுஞ்சாலை விபத்தில் அப்பாவை இழந்த பிள்ளைக்கு நாலு வயது. அப்பா நைட் ஷிப்ட் போயிருக்கார் என்று எல்லோரும் சொல்லிவைத்திருந்தார்கள். காலையில் கம்பெனி பஸ் திரும்பும் நேரத்துக்குப் பிள்ளை வாசலில் வந்து நிற்கும். காரியம் முடிந்து அம்மா வேலைக்குக் கிளம்பிய அன்று, அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. ஊத்தங்கரையிலிருந்து வந்திருந்த ஆயாதான் கடைசியில் பிள்ளையை மடியில் உட்காரவைத்துச் சொன்னார்.

“அப்பா செத்துட்டாரு கண்ணு. இனிமே வரமாட்டாரு.”

“பசிக்குமே அப்பாவுக்கு?”

“பசிக்காது, வலிக்காது. செத்துட்டா ஒடம்பு ஒண்ணும் செய்யாது.”

கொஞ்ச நேரம் கழித்துப் பிள்ளை கேட்டது: “நான் அப்பா கூட டூ விட்டேனே, அதனாலயா?”

“இல்ல சாமி. வண்டி மோதிடுச்சு. நீ ஒண்ணும் பண்ணல. அம்மா சாயந்திரம் வந்துடுவா. நான் இங்கயேதான் இருக்கேன்.”

பிள்ளை அழுதது, பிறகு விளையாடப் போனது, மறுநாள் அதே கேள்வியைக் கேட்டது. ஆயா அதே பதிலைச் சொன்னார். அந்த ‘அதனாலயா’ எத்தனை நாளாக உள்ளே கிடந்ததோ! மௌனம் காத்த நாளெல்லாம் பிள்ளை தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு அதைத் தனியாகச் சுமந்திருக்கிறது.

படித்தவர்கள் சொல்வதெல்லாம் அந்த ஆயாவின் பேச்சில் இருந்தது. செத்துவிட்டார் என்ற சொல்லையே சொல்ல வேண்டும். என்ன நடந்தது என்பதை இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும். உன் தப்பு இல்லை என்பதைப் பிள்ளை கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். இனி யார் சோறு ஊட்டுவார், யார் கூட்டிப்போவார் என்று காட்ட வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ ஒடியாவோ பேசினால், அந்த மொழியில் சொல்ல வேண்டும். நம் கண்ணீரைப் பிள்ளை பார்ப்பதில் தவறில்லை. அழலாம் என்பதை அது நம்மிடம்தான் கற்கும். சாமியிடம் போய்விட்டார் என்பது உங்கள் நம்பிக்கை என்றால் அதையும் சொல்லுங்கள். திரும்ப வரமாட்டார் என்பதைச் சொன்ன பிறகு சொல்லுங்கள்.

வேலை போனது, கடன், அப்பா அம்மா பிரிவது எல்லாவற்றுக்கும் இதே முறைதான். பிள்ளை மறுபடி படுக்கையை நனைத்தால், வயிறு வலிக்கிறது என்று பள்ளிக்குப் போக மறுத்தால், பேச்சே குறைந்தால், அது வாரக்கணக்கில் நீடித்தால், மருத்துவரிடம் காட்டுங்கள். பெங்களூரில் நம் ஊர்ப் பெயர் கொண்ட ஓசூர் சாலையிலேயே நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. மனநல உதவிக்கு 14416, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098. இரண்டும் கட்டணமில்லாத எண்கள்.

துக்கத்திலிருந்து பிள்ளையை நம்மால் காப்பாற்ற முடியாது. துக்கத்தில் அதைத் தனியே விடாமல் இருக்க முடியும். நாளை உங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால், எல்லோரும் மறந்துவிடும் அந்தச் சின்னப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.