பிள்ளைகளுக்கு எவ்வளவு செய்தி சொல்லலாம்?

பிள்ளைகளுக்கென்றே பிபிசி நடத்திவரும் செய்தி நிகழ்ச்சி 'நியூஸ்ரவுண்ட்'. 1972 ஏப்ரல் 4 அன்று, ஜான் கிரேவன் என்ற செய்தியாளரின் பெயரைத் தலைப்பில் தாங்கி அது தொடங்கியது. கோட்டும் டையுமாக மேசைக்குப் பின்னால் விறைப்பாக உட்காராமல், ஸ்வெட்டர் அணிந்து மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்து அவர் செய்தி சொன்னார். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கும்போது ஒரு குறை சொல்கிறார்கள். பாண்டாக் குட்டி, பாப் பாடகி, கால்பந்து, புதுப்படம், வீடியோ கேம் என்று நிகழ்ச்சி மெலிந்துவிட்டது. போரும் பஞ்சமும் தேர்தலும் ஓரமாகிவிட்டன என்பது அந்தக் குறை.

'எங்கள் காலம்போல் வருமா' என்ற வழக்கமான ஏக்கமும் இதில் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனால் ஏக்கத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஓர் அறக்கேள்வி மிஞ்சுகிறது. உலகில் நடப்பதை உள்ளபடி பிள்ளைகளுக்குச் சொல்வது பெரியவர்களின் கடமையா, அதன் கொடுமையிலிருந்து அவர்களைக் காப்பது கடமையா? 1989இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையைப் பிரிட்டன் 1991இலும் இந்தியா 1992இலும் ஏற்றன. அதன் 17ஆம் பிரிவு, பலதரப்பட்ட செய்தி மூலங்கள் குழந்தைக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. தீங்கு தரும் செய்திகளிலிருந்து குழந்தையைக் காக்க நெறிமுறைகள் வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இரண்டும் ஒரே பிரிவில் இருப்பதால், ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிட யாருக்கும் வழியில்லை.

லேசான செய்திக்காகப் பேசுபவர்களின் வாதத்தை முதலில் நேர்மையாகக் கேட்க வேண்டும். பிள்ளைகளின் பயம் உண்மையான துன்பம். அமெரிக்க ஆய்வாளர் ஜோஆன் கேன்டர் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர். மிகச் சிறிய பிள்ளைகளைக் கண்ணால் காணும் கோரக் காட்சி அச்சுறுத்துகிறது; சற்று வளர்ந்த பிள்ளைகளை 'இது எனக்கும் நடக்குமோ' என்ற எண்ணம் வாட்டுகிறது என்று அவர் காட்டினார். இடிந்து விழும் கட்டடத்தைப் பத்து முறை திரும்பத் திரும்ப ஒளிபரப்பினால், பத்துக் கட்டடங்கள் விழுந்ததாக ஒரு சிறு பிள்ளை நினைக்கக்கூடும். மேலும், பிள்ளைகள் கட்டாயத்துக்கு உட்கார்ந்த மாணவர்கள் அல்லர். ரிமோட் அவர்கள் கையில் இருக்கிறது. கால்பந்தும் பாட்டும் இல்லாத செய்தியை யாரும் பார்க்கவில்லையென்றால், அதிலுள்ள கனமான செய்தி மட்டும் யாரைச் சென்று சேரும்? விளையாட்டும் பொழுதுபோக்கும் குழந்தையின் உரிமை என்பதையும் அதே உடன்படிக்கை சொல்கிறது. பிள்ளைகள் கொண்டாடுவதைச் செய்தியாக மதிப்பது அவர்களை மதிப்பதுதான்.

இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாம் சொல்லாவிட்டால் கெட்ட செய்தி பிள்ளையை எட்டாது என்ற எண்ணத்தின் மேல்தான் அது முழுக்க நிற்கிறது.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. அதில் இருந்த ஏழு பேரில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை. விண்வெளியிலிருந்து அவர் பாடம் நடத்தப் போகிறார் என்பதற்காகவே அமெரிக்காவில் ஏராளமான வகுப்பறைகளில் டிவியைக் கொண்டுவந்து வைத்து நேரலையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றி வைக்க எந்தப் பெரியவருக்கும் அவகாசமே கிடைக்கவில்லை. அப்போது பிரிட்டனில் மாலை ஐந்து மணி நெருங்கிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் நியூஸ்ரவுண்ட் தொடங்க வேண்டும். அந்நாட்டுத் தொலைக்காட்சியில் இந்தச் செய்தியை முதலில் சொன்னது அந்தச் சிறுவர் நிகழ்ச்சிதான். ரோஜர் ஃபின் அதை வாசித்தார். பெரியவர்களின் செய்தி நேரம் வரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. உலகம் அதிர்ந்த ஒரு செய்தியை, பிள்ளைகளின் வயதறிந்து பேசப் பழகிய ஒருவர் அவர்களிடம் முதலில் சொன்னார்.

பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசினாலும் அவர்கள் காதில் விழுகிறது. பள்ளிப் பேருந்தில், செல்போனில், அண்ணன் அக்காவின் பேச்சில் அது துண்டு துண்டாக வந்து சேர்கிறது. அரைகுறையாகத் தெரிந்ததைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்ளும் குழந்தையின் பயத்துக்கு எல்லை கிடையாது. நாம் காக்கும் மௌனம் குழந்தையைத் தகவலிலிருந்து பிரிப்பதில்லை. அந்தத் தகவலைப் புரியவைக்கக்கூடிய பெரியவரிடமிருந்துதான் பிரிக்கிறது.

இன்னொன்றையும் மறந்துவிடுகிறோம். நாம் மறைக்க நினைக்கும் துன்பத்துக்குள்ளேயே வாழும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தனக்கு எச்ஐவி தொற்று இருப்பதை 1991இல் அறிவித்த கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன், அடுத்த ஆண்டு அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலில் லிண்டா எல்லர்பீ நடத்திய சிறப்பு நிகழ்ச்சியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து எய்ட்ஸ் பற்றிப் பேசினார். பிறந்தது முதலே அந்தத் தொற்றோடு வாழ்ந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, தாங்களும் மற்றவர்களைப் போன்றவர்கள்தான் என்று சொல்ல முயன்று அழுதுவிட்டாள். ஜான்சன் அவளைத் தேற்றினார். 'இது பிள்ளைகளுக்கு ஏற்ற விஷயமா' என்று தயங்கியவர்களுக்கு அந்தச் சிறுமியே பதில். நியூஸ்ரவுண்ட் 2006இல் 'தி ராங் டிரெய்னர்ஸ்' என்ற அனிமேஷன் படத்தில் பிரிட்டனின் ஏழைப் பிள்ளைகளின் வாழ்க்கையைக் காட்டியதும் இப்படித்தான். வறுமை செய்தியில் வராதபோது வறிய குழந்தை அதில் தன்னை எங்கே காணும்? உலகம் என்பது மற்றவர்களுடையது என்ற பாடத்தைத்தான் அது கற்றுக்கொள்ளும்.

ஆகவே லேசு என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு காரியங்களைக் குறிக்கக் கூடாது. குழந்தைக்குச் சோற்றைக் குழைத்து ஊட்டுவது அன்பு. குழைக்கச் சிரமம் என்று சோறே வைக்காமல் மிட்டாய் கொடுத்து அனுப்புவது அலட்சியம். குழைத்து ஊட்டும் கலை உலகில் இருக்கத்தான் செய்கிறது. நெதர்லாந்தின் பொது ஒளிபரப்பு 1981 முதல் 'யூக்ட்ஜர்னால்' என்ற சிறுவர் செய்தியை நடத்துகிறது. ஜெர்மனியின் 'லோகோ' 1989 முதல் வருகிறது. போர் என்றால் யார் யாரோடு, எதற்காக என்பதைச் சிறிய அனிமேஷன் விளக்கங்களால் சொல்கிறது. செய்தி மனதை வருத்தினால் என்ன செய்வது, யாரிடம் பேசுவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரையை நியூஸ்ரவுண்ட் தன் இணையதளத்தில் நிலையாகவே வைத்திருக்கிறது. பேரிடர்ச் செய்தியோடு, உதவிக்கு யார் வந்தார்கள், எப்படி மீள்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளின் கலக்கம் குறைகிறது என்று 2017இல் வெளிவந்த டச்சு ஆய்வு ஒன்று காட்டியது. பயத்துக்கு மருந்து செய்தியைச் சொல்லும் விதத்திலேயே இருக்கிறது.

இதே அளவுகோல் மறுபக்கமும் பொருந்தும். லேசான செய்தியெல்லாம் குப்பை என்பது பெரியவர்களின் அகந்தை. பாண்டாக் குட்டியின் பிறப்பிலிருந்து மூங்கில் காடுகள் எப்படி அழிந்தன என்பதற்குப் போகலாம். ஒரு கால்பந்து வீரரின் விலையிலிருந்து அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, பெண்கள் அணிக்கு ஏன் அவ்வளவு வருவதில்லை என்பதற்குப் போகலாம். 'ஏன்' என்ற கேள்விக்கு இடமிருந்தால் லேசான செய்தியும் கனம் பெறும். இடமில்லையென்றால் போர்ச் செய்தியும் வெறும் காட்சியாக ஓடி மறையும்.

உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. 'ஏன்' என்பதற்கு நேரம் வேண்டும். நேரத்துக்குப் பணம் வேண்டும். 2012 இறுதியில் பிபிசியின் முதன்மைச் சேனலிலிருந்து சிறுவர் நிகழ்ச்சிகள் விலக்கப்பட்டன. குடும்பத்தோடு தற்செயலாகச் செய்தி பார்க்கும் வாய்ப்பு அதோடு போயிற்று. பிள்ளைகள் இணையத்துக்குப் போய்விட்டார்கள் என்று காரணம் சொல்லி, தொலைக்காட்சியில் நியூஸ்ரவுண்டுக்கு இருந்த ஆண்டுக்கு 85 மணி நேரக் கட்டாயத்தை 35ஆகக் குறைக்கக் கேட்டது பிபிசி. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2020இல் அதற்கு இசைந்தது. மாலைச் செய்தி நின்றது. ஆஸ்திரேலியாவின் ஏபிசி, 1968 முதல் வகுப்பறைகள் நம்பியிருந்த 'பிஹைண்ட் தி நியூஸ்' நிகழ்ச்சியைப் பணமில்லை என்று 2003இல் நிறுத்தியது; 2005இல் அது திரும்ப வந்தது. வெட்டு விழும்போது முதலில் போவது விளக்கம்தான். பாண்டாக் குட்டியைக் காட்ட இருபது விநாடி போதும். அகதி என்பவர் யார் என்று எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்ல மூன்று நிமிடமாவது வேண்டும்.

இந்த வெட்டின் பாரம் எல்லாப் பிள்ளைகள் மீதும் சமமாக விழுவதில்லை. வீட்டில் புத்தகமும் பத்திரிகையும், இரவுச் சாப்பாட்டில் உலக நடப்பைப் பேசும் பெற்றோரும் உள்ள குழந்தைக்குச் சிறுவர் செய்தி மெலிந்தால் இழப்பு சிறிது. இரண்டு வேலை பார்த்துக் களைத்துத் திரும்பும் தாயின் குழந்தைக்கு, காலையில் வகுப்பறையில் ஆசிரியர் போட்டுக் காட்டும் அந்தச் சில நிமிடங்கள்தான் உலகம். அதிலும் வெறும் கேளிக்கை இருந்தால், பின்னாளில் வாக்களிக்கும் இருவரில் ஒருவரை மட்டும் நாம் ஆயத்தப்படுத்தியிருக்கிறோம் என்றாகிறது. கல்வியில் இத்தகைய பாகுபாட்டை அநீதி என்போம். பொதுப் பணத்தில் நடக்கும் செய்தியிலும் அது அநீதிதான்.

தன் பிள்ளைக்கு எதை, எப்போது சொல்வது என்று முடிவுசெய்யும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அவர்கள் நம்பிக் கைகாட்டக்கூடிய ஒரு செய்தி இருந்தால்தான் அந்த உரிமைக்குப் பொருள் இருக்கும். அது இல்லாத இடத்தில் முடிவெடுப்பது செல்போன் திரையில் அடுத்து வந்து விழும் வீடியோ.

சிறுவர் செய்தி லேசாகிவிட்டதா என்பதை அதில் எத்தனை விலங்குகள், எத்தனை பாடகர்கள் என்று எண்ணித் தீர்மானிக்க முடியாது. ஒவ்வொரு விடுபடலையும் பார்த்து ஒன்றைக் கேட்க வேண்டும்: இது யாருடைய நன்மைக்காக விடப்பட்டது? சடலத்தின் படத்தை விட்டது பிள்ளையின் நன்மைக்காக என்றால் அது சரி. போரின் காரணத்தை விட்டது விளக்கச் சிரமம் என்பதற்காக, பார்வையாளர் குறைவார்கள் என்பதற்காக, அல்லது பிள்ளை கேட்கும் அடுத்த கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை என்பதற்காக என்றால், அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுவது தவறு. பெரியவர்களின் வசதிக்குப் பிள்ளைகளின் பெயரைக் கடன் வாங்கக் கூடாது.

இந்த உலகத்தை இந்த நிலையில் வைத்திருப்பவர்கள் பெரியவர்கள். நாளை அதை ஏற்று நடத்தப் போகிறவர்கள் பிள்ளைகள். ஒப்படைக்கப் போகிற பொருளில் எங்கே விரிசல் என்று சொல்லித் தருவது கைமாற்றுகிறவரின் கடமை. பத்து நிமிடச் செய்தியில் மூன்று நிமிடத்தை அதற்கென ஒதுக்க, செலவைக் காரணம் காட்டி எந்தப் பொது ஒளிபரப்பும் மறுக்கக் கூடாது.