கூலி கொடுத்தாச்சு, அப்புறம்?

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கோயிலுக்குப் போனாலும் கண் முதலில் உண்டியல் மேல்தான் போகும். ரோமாபுரியின் பளிங்கு மண்டபங்களைப் பற்றிப் படித்தபோது எனக்கும் அதே புத்தி. 'அதெல்லாம் சரி, சரக்கை எங்கே ஸ்டாக் வைத்திருந்தார்கள்?'

டைபர் நதிக்கரையில், அவென்டைன் குன்றின் அடிவாரத்தில். அங்கே ஒரு தெருவுக்கு இன்றைக்கும் 'மர்மராத்தா' என்றுதான் பெயர். கடலோரம் போர்ட்டஸ் துறைமுகத்தில் இன்னொரு கிடங்கு. துனீஷியாவின் மஞ்சள் கல், துருக்கியின் ஊதா ரேகை ஓடும் வெள்ளைக் கல், எகிப்தின் கிரானைட் எல்லாம் கப்பலில் வந்து இறங்கும். (மெருகேறும் கல் எதுவானாலும் ரோமானியருக்கு அது பளிங்குதான்.) பல கற்களில் வருஷமும் நம்பரும் வெட்டியிருக்கும். பக்கா ஸ்டாக் ரெஜிஸ்டர்!

கி.பி. 161-ல் அன்டோனினஸ் பயஸ் சக்ரவர்த்தி இறந்ததும் அவர் நினைவாக ஐம்பது அடியில் ஒற்றைக்கல் தூண் ஒன்றை நிறுத்தினார்கள். தூணின் அடியில் கிரேக்க மொழியில் ஒரு குறிப்பு இருக்கிறது. கல் வெட்டியது ட்ராஜன் காலத்தில், 106-ல். ஆக, 55 வருஷம் சும்மா கிடந்த சரக்கு. அதை வெட்டியபோது அன்டோனினஸுக்கு இருபது வயது இருக்கும். அவர் ராஜாவாவார் என்று யாருக்கும் தெரியாது. நினைவுத்தூண் மட்டும் ரெடி!

நம்ம கடைக்காரர் 55 வருஷம் சரக்கை முடக்கினால் திவால்தான். ராஜாவுக்கு எப்படிக் கட்டுப்படியானது? பெரிய குவாரிகள் பல அவர் சொத்து. வட்டி கேட்க ஆளில்லை. ஆனால் செலவில்லாத ஸ்டாக் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. வேறு யார் கணக்கிலாவது ஏறியிருக்கும்.

குற்றவாளிகளைக் குவாரிக்கு அனுப்புவது ரோமில் வழக்கம். அதற்காக எல்லாமே சவுக்கடி வேலை என்று முடித்துவிட முடியாது. எகிப்தில் மான்ஸ் கிளாடியானஸ் குவாரியில் ஆயிரக்கணக்கான எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அங்கே உள்ளூர்த் தொழிலாளிக்கு மாசம் 47 திராக்மா சம்பளம், கூடவே கோதுமை. கூலி கொடுத்தாச்சு. அப்புறம் என்ன தப்பு?

என் சந்தேகம் இதுதான். கூலி கொடுத்துவிட்டால், ஒருவன் உழைப்பை உபயோகிக்காமல் போட்டு வைக்கும் உரிமையும் சேர்ந்து வந்துவிடுகிறதா? சட்டப்படி, ஆமாம். கணக்குப்படியும் பாக்கி இல்லை. ஆனால் நீங்கள் ராத்திரி கண்விழித்துத் தயாரித்த ரிப்போர்ட்டை மேனேஜர் பிரித்துக்கூடப் பார்க்காமல் டிராயரில் போடுகிறார். ஒண்ணாம் தேதி சம்பளம் சரியாக வந்துவிடுகிறது. ஆனாலும் வலிக்கிறதே, ஏன்?

கூலி என்பது நேரத்துக்கான விலை. 'இது எங்கேயோ நிற்கப்போகிறது' என்று நினைத்து உளி பிடித்தானே, அந்த நினைப்புக்கு யாரும் விலை பேசவில்லை. விலை பேசாததை எடுத்துக்கொண்டால் அது கடன். அந்தக் கடனைத் தீர்க்க ஒரே வழி, வாங்கியதை உபயோகிப்பது. 'காசு கொடுத்துத்தானே வாங்கினேன்' என்று சாப்பாட்டைத் தட்டில் மிச்சம் வைத்து எழுந்திருக்கும்போது, கடன் பாக்கி.

அந்தத் தூண் 1759-ல் தீயில் சேதமானது. பிறகு அதன் துண்டுகளை வைத்து ரோமிலேயே மான்டெசிட்டோரியோ சதுக்கத்தில் நிற்கும் பழைய எகிப்தியத் தூணுக்கு ஒட்டுப் போட்டார்கள். எழுத்துள்ள பகுதி மட்டும் வாடிகனில் இருக்கிறது. அரிஸ்டைடிஸ் என்ற கட்டடக் கலைஞர் பேர் அதில் உண்டு. வெட்டினவன் பேர் இல்லை.